கிணற்றுத் தண்ணீரோடு சென்னைக்கு

போன மாசம் மழை விட்ட மறுவாரம் ரெண்டு பாட்டில் கிணற்றுத் தண்ணீரும் ஒரு பை கொல்லை மண்ணும் எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போய் வந்தேன். ஏலகிரி எக்ஸ்பிரஸில் பக்கத்து சீட்டுக்காரர் பாட்டிலைப் பார்த்துவிட்டு, "என்னங்க, காசித் தீர்த்தமா?" என்று கேட்டார். "இல்லைங்க, எங்க கெணத்துத் தண்ணி. உடம்பு சரியில்ல, பட்டணத்துல காட்டலாம்னு கூட்டிட்டுப் போறேன்" என்றேன். சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "வாணியம்பாடிப் பக்கமா?" என்றார். ஊரைச் சொல்லாமலே தண்ணீரை வைத்து ஊர் கண்டுபிடிக்கிற அளவுக்கு எங்கள் பேர் பரவியிருக்கிறது.

எங்களுக்குப் பாலாற்றங்கரையில் ஒரு ஏக்கர் அறுபது சென்ட். எனக்கும் தம்பிக்கும் கூட்டுப் பட்டா. அப்பா காலத்தில் ரெண்டு போகம் நெல், ஒரு ஓரம் கரும்பு, வரப்பு முழுக்கத் தென்னை. இப்போது மானம் பார்த்து மல்லாட்டை போடுகிறேன், மழை நன்றாக இருந்தால் கேழ்வரகு. கிணற்றை நம்பிப் பயிர் வைத்துப் பல வருஷம் ஆகிறது. தண்ணீர் இருக்கிறது, வற்றவில்லை. பாய்ச்சினால் இலை நுனி கருகுகிறது. தரை காய்ந்ததும் மண்மேல் வெள்ளையாய்ப் பூத்து நிற்கும். வி.ஏ.ஓ. அடங்கலில் முக்கால்வாசியைத் தரிசு என்று எழுதிவிட்டார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. பார்க்க அப்படித்தான் இருக்கிறது.

இதற்கெல்லாம் இத்தனை வருஷம் கழித்து ஏன் இப்போது கிளம்பினேன் என்றால், அக்கா மகன் போன் பண்ணினான். வக்கீல் ஒருவரிடம் ஜூனியராக இருக்கிறான். "மாமா, போன ஜூலையில மத்திய அரசு புது விதி ஒண்ணு போட்டிருக்கு. ரசாயனம் கலந்து கெட்டுப்போன நிலத்தை எப்படிக் கண்டுபிடிக்கணும், யார் சுத்தம் பண்ணணும், யார் காசு கட்டணும்னு. நம்ம நெலத்துக்குப் பயன்படுமா பாக்கலாம், தண்ணியும் மண்ணும் கொண்டாங்க" என்றான். கொண்டுபோனேன்.

சென்ட்ரலில் இறங்கி பறக்கும் ரயில் பிடித்தேன். சேப்பாக்கத்தில் வண்டி நின்றபோது பக்கத்தில் நின்ற பையனிடம் கலச மஹால் எந்தப் பக்கம் என்று கேட்டேன். தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயம் அங்கேதான் இருக்கிறது என்று படித்திருக்கிறேன். அவன் கிரிக்கெட் மைதானத்தைக் காட்டினான். முண்டகக்கண்ணியம்மன் கோயில் ஸ்டேஷனில் இறங்கி மயிலாப்பூர்ச் சந்துக்குள் நடந்தால் அக்கா வீடு.

அக்கா கல்யாணமாகி அந்தக் கொல்லையை விட்டுப் போனது 1982-ல். அவள் கிணற்றில் நீர் சேந்திக் குடித்தவள். பையிலிருந்து பாட்டிலை எடுத்ததும், "நம்ம கெணத்துத் தண்ணியாடா!" என்று வாங்கி, நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் மூடியில் ஊற்றி நாக்கில் வைத்துவிட்டாள். உடனே வாஷ்பேசினுக்கு ஓடினாள். திரும்பி வந்து ஒன்றும் பேசவில்லை. கேன் தண்ணியில் எனக்குக் காப்பி போட்டாள்.

மறுநாள் காலையில் மாதிரி கொடுக்கப் போனோம். சோதனைக்கூடம் வேறெங்கோ இருக்கிறது, வாங்கிக்கொள்கிற ஆபீஸ் தி.நகரில் ஒரு மாடியில். கவுன்ட்டரில் இருந்த பெண்ணுக்கு என் மகள் வயசுதான் இருக்கும், மரியாதையாகத்தான் பேசினாள். ஆனால் அவள் கேட்ட கேள்வி ஒன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை.

"குரோமியம் டோட்டலா சார், ஹெக்ஸாவா?"

அக்கா மகன்தான் விளக்கினான். குரோமியத்தில் ரெண்டு வகை முக்கியம். மூன்றாம் வகை தோல் பதனிடப் போடுவது, அவ்வளவு கொடுமைக்காரன் இல்லை. ஆறாம் வகைதான் புற்றுநோய் வரவழைக்கும் ஆசாமி. ஒரே பேர், ரெண்டு குணம், தனித்தனிச் சோதனை, தனித்தனிக் காசு.

"எப்ப எடுத்தீங்க?" முந்தாநாள் சாயங்காலம். "ஐஸ்ல வச்சீங்களா?" இல்லை. "அப்ப ஹெக்ஸா பாக்க முடியாது சார். குளிர்ல வச்சு 24 மணி நேரத்துக்குள்ள வரணும்." சரி, டோட்டல் பாருங்கள் என்றோம். "மண்ணு எத்தனை ஆழம்?" மம்முட்டியால் ஒரு கொத்து. "மேல் மண்ணுன்னு போட்டுக்கறேன். மழைக்கு முன்னாடியா, பின்னாடியா?" பின்னாடி. அவள் பேனாவை வைத்துவிட்டு, "ஏன் சார், மழை பெஞ்சா எல்லாம் நீர்த்துடுமே. ஏப்ரல் மேல எடுத்தா வேற மாதிரி வரும்" என்றாள். கடைசியில் ஒன்று சொன்னாள்: நாங்களே கொண்டுவந்த மாதிரி என்பதால் ரிப்போர்ட்டில் 'வாடிக்கையாளர் கொடுத்தது' என்றுதான் இருக்குமாம். இதை வைத்து வழக்குப் பேச முடியாது என்று வெளியே வந்ததும் அக்கா மகன் சொன்னான்.

முப்பது வருஷம் அந்த மண்ணை மிதித்தவன் நான். எந்த மாசம் தண்ணீர் கரிக்கும், எந்த மூலையில் முதலில் பூக்கும், எத்தனை அடிக்குக் கீழே மண் நிறம் மாறும், எல்லாம் தெரியும். இதையெல்லாம் ஒரு பாட்டிலுக்குள் எப்படி அடைப்பது என்பதுதான் தெரியவில்லை.

அங்கிருந்து பாண்டி பஜாரில் நடந்தோம். ஒரு செருப்புக் கடைக் கண்ணாடிக்குள் பளபளவென்று தோல் ஷூக்கள். என் தம்பி பத்துப் பன்னிரண்டு வருஷம் தோல் கம்பெனியில் வேலை பார்த்தவன். அந்தச் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டுக்கு ஓடு போய் ஒட்டு வந்தது. ஆகையால் தோல் தொழிலே கூடாது என்று நான் எங்கேயும் பேசுவதில்லை. பேசினால் தம்பி முகத்தில் விழிக்க முடியாது. முன்காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக்கணக்கில் ஊறவைத்தார்கள். குரோம் வந்தபிறகு வேலை நாள் கணக்கில் முடிந்தது. இது எங்கள் ஊர் விஷயம் மட்டும் இல்லை. உங்கள் குரோம்பேட்டைக்கு அந்தப் பேர் வந்ததே நூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே இருந்த குரோம் தோல் கம்பெனியால்தான். தினமும் அந்த ஸ்டேஷனில் இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அன்று ராத்திரி அக்கா வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து, அவன் லேப்டாப்பில் படித்துப் படித்து எனக்குத் தமிழில் சொன்னான். எனக்குப் புரிந்தவரைக்கும் எழுதுகிறேன்.

ஊராட்சியோ மாவட்ட நிர்வாகமோ சந்தேகப்படும் இடங்களை ஆறு மாசத்துக்கு ஒரு தரம் பட்டியல் போட்டு மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். வாரியம் 90 நாளில் முதல் ஆய்வு பண்ணணும். சந்தேகம் நிஜம் என்று தெரிந்தால் இன்னும் மூணு மாசத்தில் விவரமான ஆய்வு. அளவுக்கு மேல் இருந்தால் அந்த இடத்தை ஊரறிய அறிவிக்கணும், நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தலாம். கெடுத்தவன் யார் என்று கண்டுபிடித்துச் செலவை அவன் தலையில் கட்டணும். அவன் இல்லை, ஓட்டாண்டி என்றால் மத்திய மாநில அரசுகள் பார்த்துக்கொள்ளும். நன்றாகத்தானே இருக்கிறது? சுத்தம் பண்ணி முடிக்க இத்தனை நாள் என்ற கெடு எங்கே என்று கேட்டேன். மேலும் கீழும் தேடினான். "அது காணோம் மாமா" என்றான்.

கெடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று ராணிப்பேட்டைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் கம்பெனி 1990-களில் மூடியது. விட்டுப்போன குரோமியக் கழிவு லட்சக்கணக்கான டன். அங்கே கிடப்பது அந்த ஆறாம் வகை. மழை பெய்தால் மஞ்சள் தண்ணீர் கசியும். கம்பெனி மூடியபோது பிறந்த பிள்ளைகளுக்கு இப்போது கல்யாணமாகிப் பிள்ளைகள் இருக்கின்றன.

பிறகு அவன் பழைய அளவுகளை எடுத்தான். இந்த இடத்தில்தான் எனக்குத் தூக்கம் போனது. ஆலை வெளியே விடுகிற கழிவுநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது பொது அளவு. குடிதண்ணீரில் 0.05-க்கு மேல் கூடாது. நாற்பது மடங்கு வித்தியாசம். "அது எப்படிடா?" என்றேன். "ஆத்துல கலந்தா நீர்த்துடும்ங்கற கணக்கு மாமா."

ஆறு ஓடினால்தானே நீர்க்கும்? பாலாறு எங்கள் பக்கம் வருஷத்தில் எத்தனை நாள் ஓடுகிறது? வெள்ளம் வந்தால் வேடிக்கை பார்க்க ஊரே பாலத்துக்குப் போகும், அவ்வளவு அபூர்வம். மற்ற நாளெல்லாம் அது மணல், மணலும் அள்ளியாகிவிட்டது. விட்ட தண்ணீர் கலப்பதற்கு வேறு தண்ணீர் கிடையாது. கீழே இறங்கி நேராகக் கிணற்றுக்கு வருகிறது. அந்த 2 என்ற எண்ணை எழுதியவர் மனசில் இருந்த ஆறு வேறு ஆறு. பாலாறு இல்லை.

எண் எழுதியவர்கள் மேல் கோபம் எல்லாம் இல்லை. நானே யோக்கியன் இல்லை. எண்டோசல்ஃபானை 2011-ல் உச்ச நீதிமன்றம் தடுக்கிற வரைக்கும் மூடியில் அளந்து, கை கூசாமல் அடித்தவன்தான். டப்பாவில் ஒரு அளவு போட்டிருப்பான். பூச்சி சாகவில்லை என்றால் இன்னொரு மூடி. அந்த அளவு யாருக்காக, எந்தக் காற்றுக்காக எழுதினது என்று அன்றைக்கு யோசித்தேனா?

எங்கள் பக்கத்துக்கு நீதிமன்றம் புதிது இல்லை. வேலூர் மக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் வந்த தீர்ப்பை இன்றைக்கும் சட்டக் கல்லூரியில் பாடமாக வைத்திருக்கிறார்கள். கெடுத்தவன்தான் காசு கட்டணும், ஆபத்து என்று சந்தேகம் வந்தாலே முன்ஜாக்கிரதை எடுக்கணும், இந்த ரெண்டும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அதில்தான் தீர்த்துச் சொன்னார்கள். தோல் ஆலைப் பகுதியில் கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ பயிருக்கு ஆகாமல் போனது என்று வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் மையம் எடுத்த கணக்கும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. அப்பாவுக்கும் பிற்பாடு ஒரு நஷ்ட ஈடு வந்தது. ஒரு கறவை மாடு வாங்கினார். மாடு நல்ல மாடு. நிலம் அப்படியே இருந்தது. போன வருஷம் ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் அதே வேலூர்க் கதையைக் கேட்டு, பாக்கி ஈட்டுத்தொகையை முதலில் அரசு கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூல் பண்ணச் சொல்லியிருக்கிறது. 1996-க்கும் 2025-க்கும் நடுவில் அப்பா போய்விட்டார், மாடும் போய்விட்டது.

மறுநாள் விடிகாலை தூக்கம் வராமல் பஸ் ஏறி அடையாறு போனேன். சர்தார் படேல் ரோட்டில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. 1948-லிருந்து இருக்கிறது. எதிர்ப்பக்கம் ஐ.ஐ.டி. ரெண்டு பக்கமும் மரம், நல்ல நிழல். குரோமைக் குறைப்பது எப்படி, உப்பைக் குறைப்பது எப்படி, தண்ணீர் இல்லாமல் பதனிடுவது எப்படி என்றெல்லாம் உள்ளே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள், படித்திருக்கிறேன். கேட் வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். காவலாளி "யாரப் பாக்கணும் ஐயா?" என்றார். யாரையும் இல்லை என்று சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் டீ குடித்தேன்.

வழியெல்லாம் கொடைக்கானல் ஞாபகம். அங்கே தெர்மாமீட்டர் ஆலை 2001-ல் மூடினார்கள். மண்ணில் பாதரசம் கிலோவுக்கு எவ்வளவு வரை விட்டுவைக்கலாம் என்பதில்தான் சண்டை. 20 மில்லிகிராம் போதும் என்று முடிவானதை எதிர்த்துச் சென்னையில் எத்தனை குரல். சோஃபியா அஷ்ரஃப் 2015-ல் பாடிய பாட்டு உலகம் பூராச் சுற்றியது. 2018-ல் டி.எம். கிருஷ்ணாவும் சேர்ந்து பாடினார். அந்தப் பாட்டை என் மகள் போனில் காட்டியபோது, ஒரு எண்ணுக்காகவா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று நினைத்தேன். இப்போது புரிகிறது. அந்த எண்தான் எவ்வளவு மண்ணைத் தோண்டுவது, எவ்வளவை அப்படியே விடுவது என்று தீர்மானிக்கிறது.

ஊருக்கு வந்து பத்து நாளில் ரிப்போர்ட் வந்தது. தண்ணீரில் குரோமியம் கருவிக்கு எட்டாத அளவு. அதாவது இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். கரைந்த உப்புகள் லிட்டருக்கு 4,310 மில்லிகிராம். குடிதண்ணீருக்கு 500 நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை. மழை பெய்து நீர்த்த பிறகே இந்தக் கணக்கு. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பில் போட்டுத்தான் வைப்பார்கள். முதலில் அந்த உப்பைக் கழுவித்தான் மற்ற வேலை. என் கிணற்றைக் கொன்றது பேர் தெரியாத விஷம் இல்லை, சோற்றுக்குப் போடுகிற உப்பு. புது விதி பேசுவதோ அபாயகரமான ரசாயனங்களை. உப்பை எந்த அதிகாரி அபாயம் என்று எழுதுவார்?

மண்ணில் குரோமியம் கிலோவுக்கு 71 மில்லிகிராம். இது நிறையவா, கொஞ்சமா? அக்கா மகனுக்குப் போன் போட்டேன். இப்படி அளவு வைப்பதில் கனடா நாட்டுக் கணக்கைப் பல பேர் எடுத்துக்காட்டுவார்களாம், அதைப் பார்த்துச் சொன்னான். விளைநிலம் என்றால் 64, தொழிற்சாலை நிலம் என்றால் 87. என் 71 நடுவில் நிற்கிறது. விளைநிலம் என்றால் கெட்டது. தொழிற்சாலை நிலம் என்றால் நல்லது. அதே மண், அதே மம்முட்டிக் கொத்து! அதோடு, மண்ணில் இயற்கையாகவே கொஞ்சம் குரோமியம் இருக்கும், நம் ஊர்ப் பாறைக்கு அது எவ்வளவு என்று அருகில் கெடாத மண்ணை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றும் சொன்னான். அந்த மண்ணுக்கு நான் எங்கே போவேன்?

அடங்கலில் தரிசு என்று எழுதியிருப்பதற்கு அன்றைக்குத்தான் அர்த்தம் விளங்கியது. கெட்டதால் பயிர் வைக்கவில்லை. பயிர் வைக்காததால் விளைநிலம் இல்லை. விளைநிலம் இல்லை என்றால் கெடவும் இல்லை.

தம்பியிடம் ரிப்போர்ட்டைக் காட்டினேன். அவன் முதல் பக்கம்கூட முடிக்கவில்லை. "அண்ணா, இதைக் கொண்டுபோய் கிராம சபையில குடுத்தா என்ன ஆகும்? நம்ம சர்வே நம்பர் பட்டியல்ல ஏறும். அப்புறம் எவன் வாங்குவான்? பேங்க்ல எவன் லோன் குடுப்பான்?" அவன் பெரிய பெண்ணுக்கு இந்தத் தை தாண்டினால் கல்யாணப் பேச்சு. அவன் பங்கை குடோனுக்குக் கேட்டு ஒரு ஆள் வந்துபோகிறார். பக்கத்துக் கொல்லைக்காரரும் நேற்று டீக்கடையில் என்னைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சேதி எப்படித்தான் போகிறதோ. அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. என் கிணறு கெட்டது என்று எழுதினால் அவர் கிணறும் கெட்டதாகத்தானே ஆகும்.

பட்டியலில் ஏறினால் நிலம் விலை போகாது. ஏறாவிட்டால் யாரும் சுத்தம் பண்ண வரமாட்டார்கள். நாலு ராத்திரி யோசித்தேன். வீட்டில் கேட்டதற்கு, "நாம செத்தப்புறம் அந்த நெலத்துல பசங்க மல்லாட்டை போட்டுத் திங்கும், அத நெனச்சு எழுது" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தவிடு கலக்கப் போய்விட்டாள்.

எழுதிவிட்டேன். ஒண்ணரைப் பக்கம். எங்கள் சர்வே நம்பரை மட்டும் போடாமல் ஆற்றோரம் உள்ள கொல்லைகள் முழுதையும் சேர்த்துப் பாருங்கள் என்று கேட்டிருக்கிறேன். மாதிரியை மே மாசம் எடுங்கள். மேல் மண், மூணடி மண், ரெண்டும் எடுங்கள். எடுக்கும் நாளை முன்னாலேயே சொல்லுங்கள், பயிர் வைத்தவன் கூட நிற்கட்டும். தரிசு என்று இருப்பதை வைத்து அளவைத் தீர்மானிக்காதீர்கள், எந்த வருஷம் வரைக்கும் நெல் விளைந்தது என்று பழைய அடங்கலைப் பாருங்கள். இதில் ஒன்றுகூட விஞ்ஞானம் படித்து எழுதினது இல்லை. தி.நகர் கவுன்ட்டரில் அந்தப் பெண் கேட்ட கேள்விகளைத்தான் திருப்பி எழுதியிருக்கிறேன்.

ஜனவரி 26 கிராம சபை. மனுவில் என் கையெழுத்து இருக்கிறது. கூட்டுப் பட்டா என்பதால் பக்கத்தில் தம்பிக்கும் இடம் விட்டிருக்கிறேன். நேற்று சாயங்காலம் வந்தான். திண்ணையில் உட்கார்ந்து கண்ணாடி போட்டுக்கொண்டு ரெண்டு தரம் படித்தான். பேனா கேட்பான் என்று பார்த்தேன், கேட்கவில்லை. காகிதத்தை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டியவன், படியில் நின்று, "உப்ப எங்கயும் எழுதலையே அண்ணா. அதையும் எழுது, அப்புறம் வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.